சொந்த விருப்பத்தோடு

கொவென்ட்ரி,
9 அக்டோபர் 1986

மாண்புமிகு செனட்டர் மலாக்கி டார்ப்பி அவர்களுக்கு,

இப்படி அழைப்பதுதான் முறையாக இருக்கும். அம்மாவின் அடக்கத்தன்று கடைசியாகப் பேசிக்கொண்டது. பதினோரு வருஷம் ஆகிறது. கிறிஸ்மஸ் அட்டையில் உங்கள் மனைவி உங்கள் பேரையும் சேர்த்து எழுதி அனுப்புவதை நான் பேச்சாக எடுத்துக்கொள்வதில்லை.

பெரியம்மா மகள் பிலோமினா ஊர் வாரப் பத்திரிகையைச் சுருட்டித் தபாலில் போடுவாள். யார் செத்தார், சந்தையில் கன்று என்ன விலை என்று பார்த்துவிட்டு மடித்து வைப்பேன். இந்த வாரம் மூன்றாம் பக்கத்தில் நீங்கள். "செனட்டை உருக்கினார் டார்ப்பி" என்று தலைப்பு. கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகளுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு உள்ள உரிமையெல்லாம் உண்டு என்று ஒரு மசோதா, அதன்மேல் உங்கள் பேச்சு. தொழிற்சாலை கேன்டீனில் பட்டாணியைக் கொதிக்கவிட்டு நின்றபடியே படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. இரண்டு இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மூன்றாவது இடத்தில்தான் உறைத்தது, அந்தப் பெண் நான்.

"எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த ஒரு பெண், பத்தொன்பது வயது. பச்சைக் கோட்டு அணிந்து அவள் காரில் ஏறிப் போனதைச் சாலையோரம் நின்று பார்த்தவன் நான். கன்னியர் மடத்தில் குழந்தையைப் பெற்று, ஆறு வாரம் பாலூட்டி, பின்பு தன் சொந்த விருப்பத்தோடு, நடுங்காத கையால், அதைத் தத்துக் கொடுக்கும் பத்திரத்தில் கையெழுத்திட்டாள். அந்தத் தியாகத்தைத்தான் நம் சட்டம் இதுவரை அவமானம் என்று அழைத்தது."

இதற்கு மேல் நீங்கள், உங்கள் எல்லாம் எனக்கு வராது. நீ சாலையோரம் நிற்கவில்லை, மலாக்கி. நீதான் காரை ஓட்டினாய். அப்பா முன்சீட்டில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வந்தார், நான் பின்சீட்டில் வாந்தி எடுத்தேன், நீ கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினாய்.

கையெழுத்து என்னுடையதும் இல்லை. மூன்று முறை பத்திரத்தைக் கொண்டுவந்தார்கள், மூன்று முறையும் மாட்டேன் என்றேன். நாலாவது முறை என்னைக் கேட்கவில்லை. வக்கீல் ஆபீசில் எழுத்தராக இருந்த நீ வரவேற்பறையில் உட்கார்ந்து என் பேரை எழுதினாய். குளிப்பாட்டக் கொண்டுபோவதாகச் சொல்லி என் குழந்தை ஊனாவைத் தூக்கிப் போனார்கள். திரும்பி வரவே இல்லை.

அவளுக்கு இப்போது இருபத்தேழு. எங்கேயோ உட்கார்ந்து அவளும் உன் பேச்சைப் படித்திருக்கலாம். பெற்றவள் தன்னை விருப்பப்பட்டுக் கொடுத்தாள் என்று அவள் நம்பக் கூடாது. எனக்கு வேறெதுவும் வேண்டாம். அடுத்த முறை எழுந்து, "நான் சொன்னது பொய், அவள் என் தங்கை, அவள் கையெழுத்தைப் போட்டவன் நான்" என்று அதே அவையில் சொல். அவைக்குறிப்பில் ஏறட்டும்.

அட்ராக்டா

•

டப்ளின்,
16 அக்டோபர் 1986

அன்புள்ள அட்டி,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உன் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் சிலவற்றை நிதானமாகப் பார். உன் பேரை நான் சொல்லவில்லை. அடையாளம் தெரியும்படி எதுவும் சொல்லவில்லை. அந்த மசோதா நம் நாட்டில் லேசாகக் கரையேறும் விஷயம் இல்லை. "நாளைக்கு எவனோ ஒருத்தன் வாசல்ல வந்து நின்னு நிலத்துல பங்கு கேப்பான்" என்று எங்கள் கட்சிக்காரர்களே முனகிக்கொண்டிருந்தார்கள். அன்று நான் பேசி முடித்ததும் மூன்று பேர் மனசு மாறினார்கள். அமைச்சர் என் பேச்சை எடுத்துச் சொல்லி நன்றி தெரிவித்தார். அந்தப் பெண் விருப்பத்தோடு கொடுத்தாள் என்றால்தான் அவர்களுக்கு இரக்கம் வருகிறது. பிடுங்கிக்கொண்டார்கள் என்றால், யார் பிடுங்கியது, எந்த மடம், எந்தச் சாமியார் என்று சண்டை அந்தப் பக்கம் திரும்பிவிடும். பதின்மூன்று வருஷமாக இந்த அவையில் இருக்கிறேன், எது எடுபடும் எது எடுபடாது என்று எனக்குத் தெரியும்.

அவைக்குறிப்பில் அரைப்புள்ளி, முற்றுப்புள்ளியைத்தான் நாங்கள் திருத்த முடியும். சொன்னது சொன்னதுதான்.

இன்னொன்று. என்னைத் தேர்ந்தெடுப்பது ஊர் ஜனம் இல்லை, மாவட்டக் கவுன்சிலர்கள். அடுத்த வருஷம் தேர்தல் வரும் என்கிறார்கள். கள்ளக் கையெழுத்துப் போட்டேன் என்று வக்கீலான நானே எழுந்து நின்று சொன்னால் பதவியோடு தொழிலும் போகும். அதனால் உனக்கு என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பார். இந்தச் சட்டம் வந்தால் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு விடிவு. உன் ஊனாவுக்கும் சேர்த்துத்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் இருமல் எப்படி இருக்கிறது?

மலாக்கி

•

கொவென்ட்ரி,
22 அக்டோபர் 1986

மலாக்கி,

இருமல் நின்று ஒன்பது வருஷம் ஆகிறது.

என்னோடு வேலை பார்க்கும் வின்னிஃப்ரெட் ஜமைக்காக்காரி. அவளிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஒங்கண்ணன் ஒன் கதைய எடுத்து ஊருக்கெல்லாம் பந்தி வச்சிட்டான், ஒனக்கு மட்டும் எல போடல." சிரித்தேன். அப்புறம் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய் அழுதேன்.

ஆயிரக்கணக்கான பிள்ளைகள் என்கிறாய். நான் ஒருத்தியைத்தான் பெற்றேன். உன் சட்டத்துக்கு நான் எதிரி இல்லை. வரட்டும். பொய் இல்லாமல் வரட்டும்.

நவம்பர் ஐந்தாம் தேதி பிரிவு வாரியாக விவாதம் என்று பத்திரிகையில் போட்டிருக்கிறது. பார்வையாளர் மாடத்துக்கு ஒரு உறுப்பினர் கையெழுத்துப் போட்டு அழைத்துக்கொண்டால்தான் விடுவார்களாமே. எனக்குப் போடு. நான் அங்கே உட்கார்ந்திருக்கும்போது உன்னால் எப்படிப் பேச முடிகிறது என்று பார்க்கிறேன்.

அட்ராக்டா

•

டப்ளின்,
29 அக்டோபர் 1986

அட்டி,

சரி, வா. முன்வாசலில் என் பேரைச் சொன்னால் போதும். தங்கை என்று சொல்ல வேண்டாம். வாசல் காவலர் கிறிஸ்டி நல்ல மனுஷன், ஆனால் வாயில் எதுவும் நிற்காது. சாப்பாடு என்னோடு.

பேசுவேன். எப்படி என்பதை என்னிடம் விட்டுவிடு.

மலாக்கி

•

கொவென்ட்ரி,
8 நவம்பர் 1986

மலாக்கி,

கப்பலில் குமட்டல், ரயிலில் நெரிசல், இதற்கெல்லாம் நான் புகார் சொல்லவில்லை. நீ பேசியதைச் சொல்கிறேன்.

அவையில் பதினோரு பேர் இருந்தீர்கள். ஒருவர் தனக்கு வந்த தபாலைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் நன்றாகவே தூங்கினார். நீ எழுந்து மாடத்தை ஒரு தடவை பார்த்தாய். நீ தொண்டையைச் செருமினாய். பிறகு, செத்தவர் சொத்தைப் பங்கு பிரிப்பவர் தனக்குத் தெரியாத பிள்ளை ஒன்று இருந்தால் அதற்குப் பொறுப்பாவாரா மாட்டாரா என்று பன்னிரண்டு நிமிஷம் பேசினாய். தெரியாத பிள்ளை என்று ஏழெட்டுத் தடவை சொன்னாய். ஒரு தடவைகூட உன் நாக்கு பிசகவில்லை.

அப்புறம் அந்தச் சாப்பாடு. பன்றி இறைச்சியும் முட்டைக்கோசும் தட்டில் வந்த நேரத்தில் நம் மாவட்டத்துக் கவுன்சிலர் ஒருவர் வந்து உன் தோளைத் தட்டி, "யாரு மலாக்கி இவங்க?" என்றார். "பழைய பக்கத்து வீட்டுக்காரங்க, இங்கிலாந்துலேர்ந்து வந்திருக்காங்க" என்றாய். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நானும் ஆமாம் என்று தலையை ஆட்டினேனே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பத்தொன்பது வயசில் ஆட்டாத தலை.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல். வெளியே வரும்போது கிறிஸ்டி கோட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "செனட்டரோட அந்தப் பேச்சு இருக்கே, ரொம்பப் பேர மாத்திடுச்சும்மா. போன மாசம் முல்லிங்கார்லேர்ந்து ஒரு டீச்சரம்மா வந்தாங்க. கையில பத்திரிகைத் துண்டு. ரெண்டு மணி நேரம் இந்த பெஞ்சுலயே உக்காந்திருந்தாங்க செனட்டரப் பாக்கணும்னு. ஒங்க தங்கச்சியாம்மா அவங்க? அப்படியே ஒங்க ஜாடை."

யார் மலாக்கி அது? அவளிடம் நீ என்ன சொன்னாய்?

•

டப்ளின்,
14 நவம்பர் 1986

அட்டி,

ஆறு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

அவள்தான். பேர் ரோஷீன் ஹெஸ்லின். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். கல்யாணத்துக்குப் பேசி முடித்தபோதுதான் தத்தெடுத்த பிள்ளை என்று வீட்டில் சொன்னார்களாம். கன்னியர் மடமும் ஆறு வாரமும் பச்சைக் கோட்டும் பொருந்துகிறது என்று என்னைத் தேடி வந்தாள். அந்தக் கோட்டைப் பற்றி அவளை வளர்த்த அம்மாவுக்கு மடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன், இனி ஒளிக்க எனக்குத் தெம்பில்லை. அவள் எங்கே வளர்ந்தாள் என்பது எனக்கு எப்போதும் தெரியும். தத்துப் பத்திரம் எங்கள் ஆபீஸ் வழியாகத்தான் போனது. அவளை வளர்த்த ஹெஸ்லின் பிற்பாடு கவுன்சிலர் ஆனார். எங்கள் தேர்தல் எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியாது. நாட்டில் உள்ள கவுன்சிலர்கள் வீட்டுக்கெல்லாம் காரை எடுத்துக்கொண்டு போக வேண்டும். வாசலில் நின்று கேட்டால் மதிப்பில்லை. அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டியும் ஆப்பிள் பணியாரமும் சாப்பிட்டு, இரண்டு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டு வாக்குச்சீட்டில் என் பேருக்கு முதல் இடம் கேட்க வேண்டும். ஐந்து தேர்தலிலும் ஹெஸ்லின் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் தடவை அவளுக்குப் பதினாலு வயசு. தேநீரை ஊற்றிக் கொடுத்தது அவள்தான். நன்றாக வளர்ந்திருக்கிறாள் அட்டி. சிரித்த முகம். அதைப் பார்க்கும்போது நான் செய்தது தப்பில்லை என்று ஒரு ஆறுதல் இருந்தது.

போன மாசம் வந்து, "எங்கம்மா உயிரோட இருக்காங்களா?" என்று நேராகக் கேட்டாள். இறந்துவிட்டதாகச் சொன்னேன். வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. "அவங்க பேர மட்டும் சொல்லுங்க, பூசை வைக்கணும்" என்றாள். அட்ராக்டா என்று சொன்னேன். பூசை வைத்துவிட்டு எனக்கு நன்றிக் கடிதமும் எழுதியிருக்கிறாள். அதை இத்துடன் வைத்திருக்கிறேன். முகவரி அதில் இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் பேசும்வரை அவள் வாசலில் போய் நிற்காதே. டிசம்பர் மூன்றாம் தேதி மசோதாவின் இறுதி நிலை விவாதம். அன்று எழுந்து எல்லாவற்றையும் சொல்கிறேன். என் வாயால் அந்த இடத்தில் சொன்னால்தான் அவளும் நம்புவாள். அம்மாவின் கல்லறைமேல் சத்தியம்.

மலாக்கி

•

கொவென்ட்ரி,
19 நவம்பர் 1986

மலாக்கி,

அவள் கையெழுத்தை முதல் தடவையாகப் பார்த்தேன். வட்ட வட்டமாக, பிள்ளைகளுக்குப் போர்டில் எழுதிப் பழகிய எழுத்து. "அவருடைய ஆன்மா சாந்தி அடையப் பதினோரு மணிப் பூசையில் வேண்டிக்கொண்டோம். என்னை ஏன் கொடுத்தார் என்று எனக்குக் கோபம் உண்டு, ஆனாலும் வேண்டிக்கொண்டேன்." அந்தப் பதினோரு மணிக்கு நான் இங்கே நானூறு பேருக்கு மீன் பொரித்துக்கொண்டிருந்தேன்.

பதின்மூன்று வருஷம் அவள் கையால் தேநீர் குடித்திருக்கிறாய். அவள் உயிரோடு இருக்கிறாள், சுகமாக இருக்கிறாள் என்று எனக்கு ஒரு வரி எழுத உனக்குத் தோன்றவில்லை. அம்மாவின் அடக்கத்தன்று நாம் ஒரே பெஞ்சில் முழங்கால் போட்டிருந்தோம். அப்போதும் உனக்குத் தெரிந்திருந்தது. கையெழுத்தைக்கூட ஒரு நாள் மன்னித்திருப்பேன் போல. இதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் உன் பேச்சைக் கேட்டு மூன்றாம் தேதிவரை காத்திருக்கிறேன், ஏனென்றால் நீ சொன்னது சரி. கேன்டீன்காரி சொல்லுக்கும் செனட்டர் சொல்லுக்கும் உள்ள எடை வேறு. அவளுக்கு நாலே வரி எழுதிப் போட்டுவிட்டேன்: நான் சாகவில்லை. உன்னை நான் கொடுக்கவில்லை. டிசம்பர் மூன்றாம் தேதி செனட்டர் டார்ப்பி அதை அவையில் சொல்வார். நீயே போய்க் கேள். என் முகவரியும் போட்டிருக்கிறேன்.

நான் வரவில்லை. வந்தால் உன் முகத்தைத்தான் பார்ப்பேன், அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன். அவளுக்குக் கையெழுத்துப் போட்டு உள்ளே அழைத்துக்கொள்.

அட்ராக்டா

•

டப்ளின்,
4 டிசம்பர் 1986

அன்புள்ள அட்டி,

பத்திரிகையில் பார்ப்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். மசோதா நேற்று நிறைவேறியது. வாக்கெடுப்புக்கே போகவில்லை, எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

நான் எழுந்தேன். ரோஷீன் மாடத்தில் முதல் வரிசையில் இருந்தாள். "தலைவர் அவர்களே, இந்த விவாதத்தின் தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட ஒரு பெண்ணைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது" என்று ஆரம்பித்தேன். தலைவர் குறுக்கிட்டார். "செனட்டர், இறுதி நிலையில் மசோதாவுக்குள் இருப்பதை மட்டும்தான் பேசலாம். புதிய விஷயத்துக்கு அனுமதி இல்லை." இது தனிப்பட்ட விளக்கம் என்றேன். அதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்றார். விதி அப்படித்தான் இருக்கிறது. உட்கார்ந்துவிட்டேன்.

நான் முயற்சி செய்தேன் என்பதை நீ ஒப்புக்கொள்ள வேண்டும். ஆரம்பித்த வரி அவைக்குறிப்பில் ஏறிவிட்டது. வேண்டுமானால் எடுத்துப் பார். கீழே வந்து அவளைத் தேடினேன். போய்விட்டிருந்தாள்.

எப்படி இருந்தாலும் சட்டம் வரப்போகிறது. அதில் உன் பங்கு இருக்கிறது என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

மலாக்கி

•

கொவென்ட்ரி,
11 டிசம்பர் 1986

மலாக்கி,

சனிக்கிழமை மத்தியானம் கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். கிறிஸ்டி சொன்னது சரிதான். அப்படியே என் ஜாடை, உயரம் மட்டும் அதிகம். கையில் சின்னப் பெட்டி. "நான் ரோஷீன்" என்றாள். வழியை விட்டு நின்றேன்.

கோட்டைக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கார், மூன்று தடவை கொண்டுவந்த பத்திரம், குளிப்பாட்டுகிறோம் என்று சொன்ன பொய், எதையும் விடவில்லை. அவள் நம்பின மாதிரித் தெரியவில்லை. ஏன் நம்ப வேண்டும்? யாரோ ஒரு பொம்பிளை சமையல் வாசனையோடு உட்கார்ந்து சொல்கிறாள். அந்தப் பக்கம், சின்ன வயசிலிருந்து வீட்டுக்கு வந்துபோன மனுஷன், அச்சில் ஏறிய பேச்சு.

பிறகு அவளே ஆரம்பித்தாள். "அன்னிக்கு வாசல்ல காவல் நிக்கற அந்தப் பெரியவர் எனக்காகப் பரிதாபப்பட்டார். 'எதுக்கும்மா இவ்வளவு தூரம் வந்தீங்க, இறுதி நிலைல ஒண்ணும் இருக்காது, மசோதால இருக்கறத விட்டு வெளிய ஒரு வார்த்தை பேச விட மாட்டாங்க, பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும்'னார். நான் நம்பல. செனட்டர் பேசுவார்னுதான் உக்காந்திருந்தேன். தலைவர் வேண்டாம்னதும் அவர் உக்காந்தார். உக்காந்துட்டுக் கைக்குட்டைய எடுத்து நெத்தியத் தொடச்சிக்கிட்டார். அந்த முகத்த நான் பாத்துட்டேன். ஸ்கூல்ல கேள்வி கேக்கறதுக்குள்ள மணி அடிச்சிட்டா பசங்களுக்கு அப்படித்தான் மொகம் இருக்கும்."

"அவர் அங்க எத்தன வருஷமா இருக்கார்?" என்று கேட்டாள்.

"பதின்மூணு."

"வாசல்ல நிக்கறவருக்கே தெரிஞ்ச விதி அவருக்குத் தெரியாம இருக்குமா?"

உனக்காக ஒரு சமாதானம் தேடினேன், மலாக்கி. அப்பா போன பிறகு அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவன் நீ, சின்ன வயசில் என்னை ஆற்றைத் தாண்டித் தூக்கிப் போனவன் நீ, எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தேன். உன்னை விட்டுக்கொடுக்காமல் சொல்ல ஒரே ஒரு பதிலுக்காக அவளை எவ்வளவு நேரம் காக்கவைத்தேன் என்று தெரியவில்லை. அகப்படவில்லை.

"தெரியும்" என்றேன். அதற்குப் பிறகுதான் அவள் கோட்டைக் கழற்றினாள்.

அட்ராக்டா